தேத்தண்ணிக்கு ஆகாத தண்ணி: ஒரு கவச லோடரின் பிறைமர் ஏன் கொப்பளித்தது?

கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலைநேரம், பெயின்ற் பாஸ், அதாவது எங்கள் கராச்சின் பெயின்ற் மேஸ்திரி, என்னைக் கையைப் பிடித்து லோடருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மூன்று கிழமைக்கு முன்னர் பூசி முடித்த கவசத் தகடு அது. இடுப்புயரத்துக்குக் கீழே முழுக்க வேர்க்குருப் போட்டது மாதிரிச் சின்னச் சின்னக் கொப்பளங்கள். ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளேயிருந்து ஒரு துளி தண்ணீர் வழிந்தது. அடியில் இரும்பு கறுத்துக் கிடந்தது.

"தம்பி, தண்ணிப் பெயின்ற் தண்ணியோடதான் போகும் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

அவர் சொன்னது பாதி சரி. மற்றப் பாதியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்தக் கதைதான் இது.

இயந்திரமும் இடமும்

இலங்கையின் வடக்கில் பரந்தனுக்குக் கிட்ட, ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, தகரக் கூரை போட்ட ஒரு கராச். கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற வாகனங்களைத் திருத்துகிற இடம். இலங்கை 2017 மார்கழியில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனால் முகமாலை மண்ணுக்குள் கிடந்தவை அதற்கு முன்னரும் பின்னரும் ஒன்றுதான். போர் நிலைகள் வருடக்கணக்காக நகராமல் நின்ற இடமென்றபடியால் அங்கே புதைத்தவற்றின் நெருக்கம் அதிகம். கையால் தடவித் தோண்ட முடியாத மண் அணைகளுக்கு லோடர்தான் போகும். சாதாரணமாக மண் அள்ளுகிற லோடர்தான். ஓட்டுநர் கூட்டைச் சுற்றிக் கவசத் தகடும் தடித்த கண்ணாடியும் பூட்டி, வாளியைச் சல்லடை வாளியாக மாற்றினால் அது வேறு சாமான்.

இராணுவப் பெயின்ற் பற்றி உலகம் எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் மறைந்திருப்பதைப் பற்றியது. மினுங்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கிட்டிய அகச்சிவப்பு ஒளியில்கூடப் பச்சை நிறம் இலைப் பச்சையம் போலத் தெறிக்க வேண்டும். இரசாயன ஆயுதத்தின் துளி பட்டால் உள்ளே ஊறக் கூடாது, கழுவுகிற கடும் மருந்துக்கு உரியக் கூடாது. எங்கள் லோடருக்கு இதில் எதுவும் வேண்டியதில்லை. அது தூரத்திலிருந்தே தெரிய வேண்டிய வண்டி. ஆனால் மேல்நிறத்துக்குக் கீழே இருக்கிற பிறைமருக்கு இரண்டு இடத்திலும் ஒரே வேலை: தகட்டைக் கறல் தின்னாமல் காப்பது. அதனால்தான் அமெரிக்க இராணுவத்தின் பிறைமர் விதிகளைப் படிப்பதற்கு எங்களுக்கும் ஒரு காரணம் இருந்தது.

இதற்கு முன்னர் நாங்கள் பூசியது எல்லாரும் பூசுவதுதான். சிவப்பு ஒக்சைட் பிறைமர், அதன்மேல் எனாமல், கலக்கத் தின்னர், கழுவத் தின்னர், கை துடைக்கவும் தின்னர். அதைக் குறைந்த உமிழ்வுள்ள தண்ணீர்ப் பெயின்ற்றாக மாற்ற வேண்டி வந்ததற்குக் காரணம் இரண்டு. கொடையாளர் படிவத்தில் சுற்றாடல் என்று ஒரு வரி புதிதாக வந்திருந்தது. மற்றது பாஸின் இருமல். படிவத்தில் அது வரவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரம் அவர் இருமுகிறபோது நாங்கள் எல்லாரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ரின்னில் எழுதியிருப்பதும் காற்றில் போவதும்

குறைந்த உமிழ்வு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் வாங்கப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் வேதவாக்கு.

பெயின்ற் காயும்போது அதிலிருந்து பறந்து போகிற கரைப்பான்கள்தான் பிரச்சினை. தொலுயீன், சைலீன் போன்றவை. சுவாசத்துக்குள் போனால் தலையிடி, தலைச்சுற்று, காலப்போக்கில் நரம்புக் கோளாறு. வெளியே போனால் வெயிலில் வாகனப் புகையோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாகும். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத் திருத்தம் 189 நச்சுப் பொருள்களைப் பட்டியலிட்டது. தொலுயீனும் சைலீனும் அதில் இருந்தன. தாங்கிகளுக்கும் லொறிகளுக்கும் ஆயிரக்கணக்கில் பெயின்ற் அடிக்கிற இராணுவப் பட்டறைகளுக்கு அது பெரிய தலையிடி. பாதுகாப்புத் துறை சார்ந்த சுற்றாடல் ஆய்வுத் திட்டமான செர்டிப் 1990இலும், ஆய்வுகூடத்தில் தேறியதைக் களத்தில் பரீட்சிக்கிற எஸ்ரிசிபி 1995இலும் தொடங்கின. குறைந்த உமிழ்வுப் பூச்சுகள் அவை இரண்டும் திரும்பத் திரும்பத் தொட்ட விடயங்களில் ஒன்று.

பிறைமரில் இன்னொரு நஞ்சும் இருந்தது. பல காலமாகக் கறலைத் தடுத்தது குரோமேற்று, அதாவது ஆறு வலுவளவுள்ள குரோமியம். கறலுக்கு அது எமன். சுவாசிக்கிறவனுக்கும் எமன்: நுரையீரல் புற்றுநோய் வருவிக்கும் என்பது உறுதியானது. ஆகவே ஈயமும் குரோமேற்றும் இல்லாத எபொக்சிப் பிறைமர்கள் வந்தன. அமெரிக்க இராணுவ விதி இலக்கங்களில் மில்-டிடிஎல்-53022 கரைப்பான் வகை, மில்-டிடிஎல்-53030 தண்ணீர் வகை. குரோமேற்றின் இடத்தைப் பிடிக்க வந்தவற்றில் சிங்க் (நாக) பொஸ்பேற்று எங்கள் ஊர்க் கடைகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. எங்களுக்குக் கொழும்பிலிருந்து வந்ததும் அந்த மாதிரித் தண்ணீரில் கலக்கும் இரண்டு ரின் எபொக்சிதான். இராணுவ விதிக்கு அங்கீகாரம் பெற்ற சாமான் அல்ல, அதே குடும்பம்.

ரின்னில் ஒரு இலக்கம் இருக்கும்: லீற்றருக்கு இத்தனை கிராம். தண்ணீர்ப் பெயின்ற்றில் இந்த இலக்கம் ஒரு வேடிக்கை காட்டும். ஒரு லீற்றரில் 100 கிராம் கரைப்பானும் அரை லீற்றர் தண்ணீரும் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ரின்னிலிருந்து உண்மையில் காற்றுக்குப் போவது லீற்றருக்கு 100 கிராம். ஆனால் ஒழுங்குவிதிக் கணக்குத் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்க்கச் சொல்லும். அப்போது அதே பெயின்ற் லீற்றருக்கு 200 கிராம். ஏன் கழிக்க வேண்டும்? இல்லாவிட்டால் கம்பனிக்காரர் தண்ணீரை ஊற்றியே "குறைந்த உமிழ்வு" என்று விற்றுவிடுவார்கள். நியாயம்தான். ஆனால் எந்தக் கணக்கென்று பார்க்காமல் இரண்டு ரின்களை ஒப்பிட்டால் மாட்டையும் ஆட்டையும் ஒரே தராசில் நிறுத்த மாதிரி.

பாஸிடம் நான் இதை விளக்கியபோது அவர் கேட்டது: "மணம் இல்லையெண்டால் மாஸ்க் தேவையில்லைத்தானே?" தேவை. எபொக்சியின் இரண்டாம் ரின்னில் இருக்கிற, அதை இறுகவைக்கிற ஹாட்னர் தோலையும் மூச்சையும் ஒவ்வாமைக்குள் தள்ளும். மேலே பூசுகிற இரண்டு ரின் பொலியூரித்தேன் தண்ணீர் வகையாக இருந்தாலும் அதில் ஐசோசயனேற்று உண்டு. அதற்கு மணம் எச்சரிக்கை தராது, ஒருமுறை ஆஸ்துமா பிடித்தால் விடாது. மணம் குறைந்ததும் காவலையும் குறைப்பதுதான் இந்தப் பெயின்ற்றுகளின் பெரிய ஆபத்து என்பது என் எண்ணம்.

முதல் பூச்சு

கவசத் தகடு வன்மை கூடிய உருக்கு. பழைய பெயின்ற்றை எடுக்க அசிட் போட முடியாது. அசிட்டில் பிறக்கும் ஐதரசன் இந்த வகை உருக்குக்குள் புகுந்து நொறுங்கப் பண்ணும். காஸ் விளக்குப் பிடித்துச் சுடவும் முடியாது, வன்மை போய்விடும். ஆகவே மணல் அடிப்பு. அதற்கும் கடற்கரை மணல் ஆகாது. அதன் தூசு நுரையீரலைக் கல்லாக்கும். காணற்று (garnet) என்ற கனிமத்தின் மணல் வாங்கினோம்.

அடித்து முடித்த தகடு புது வெள்ளி மாதிரி இருந்தது. தூசு போகக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினோம். கொம்பிறசர் காற்றால் ஊதிக் காயவைத்தோம். பிறைமரைக் கலந்தோம். தடிப்பாக இருந்ததால் கொஞ்சம் தண்ணீர் விட்டோம். வாளி கிணற்றடியில் இருந்தது.

இந்தப் பந்தியை வாசித்த பெயின்ற்காரர் எவருக்காவது இப்போதே சிரிப்பு வந்திருந்தால் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

சந்தேகப் பட்டியல்

கொப்பளம் வந்த பிறகு கராச்சில் ஆளுக்கொரு தீர்ப்பு. பாஸுக்குப் பெயின்ற்றில் பிழை. பொறுப்பாளருக்கு மழையில் பிழை. எனக்கு, படித்த திமிரில், பனிநிலையில், அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்குகிற வெப்பநிலையில், பிழை.

என் சந்தேகத்துக்கு அடிப்படை இருந்தது. மாரியில் காலை ஏழு மணிக்குக் காற்று 27 பாகை, ஈரப்பதன் 90 வீதம் என்றால் பனிநிலை 25 பாகைக்குச் சற்று மேலே. இரவு முழுக்கக் குளிர்ந்த தடித்த தகடு அதைவிடக் குளிராக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் அதன்மேல் படியும். தகடு பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை சூடாக இருந்தால்தான் பூச வேண்டும் என்பது பெயின்ற் வேலையின் பழைய விதி. நாங்கள் காலை எட்டு மணிக்குத் தொடங்கியிருந்தோம். தவறுதான். ஆனால் அது காரணமென்றால் கொப்பளம் தகடு முழுக்கச் சமமாக வந்திருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே மட்டும் ஏன்?

பொறுப்பாளர் பழைய பெயின்ற்றுக்கே திரும்பச் சொன்னார். ஒரு வருடம் பொறுங்கோ, தகடு வைத்துப் பார்ப்போம் என்றேன். காசு கேட்காதபடியால் சம்மதித்தார்.

தகடுகள்

காசு கேட்காததுதான் முதல் பிழைக்கும் காரணம். பரீட்சைத் தகடுகளைப் பழைய இரும்புக் கடையில் எடுத்தேன். போருக்குப் பிறகு வன்னியில் பழைய இரும்பு ஒரு தொழிலாகவே இருந்தது. முள்ளிவாய்க்காலிலும் புதுமாத்தளனிலும் எரிந்து கிடந்த பஸ்ஸும் ட்ராக்டரும் மோட்டார் சைக்கிளும் கிலோக் கணக்கில் போயின. நான் வெட்டுவித்த தகட்டின் ஒரு மூலையில் நீலப் பெயின்ற் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. எந்த வாகனத்தின் எந்தப் பக்கம் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. உரஞ்சினோம்.

நான்கு அங்குலம் அகலம், ஆறு அங்குலம் உயரம். மூன்று பூச்சு: பழைய சிவப்பு ஒக்சைட், கரைப்பான் வகை எபொக்சி, தண்ணீர் வகை எபொக்சி. ஒவ்வொன்றுக்கும் மூன்று விதத் தயார்: மணல் அடித்தது, கம்பித் தூரிகை போட்டது, கையால் சுரண்டியது. ஒவ்வொரு தகட்டின் முகத்திலும் இரும்பு தெரியும்வரை பெருக்கல் குறியாகக் கீறினோம். காயத்திலிருந்து கறல் பெயின்ற்றுக்கு அடியில் எவ்வளவு தூரம் ஊர்கிறது என்பதுதான் அளவை.

ஆய்வுகூடத்தில் இதற்கு உப்புப்புகைப் பெட்டி இருக்கிறது. ஏஎஸ்டிஎம் பி117 என்ற பரீட்சை நியமம், 1939இல் வந்த முறை. 35 பாகையில் 5 வீத உப்புக் கரைசலை இடைவிடாமல் புகையாக அடிப்பார்கள். பெயர் பெற்ற பரீட்சை. ஆனால் அதில் தகடு காய்வதே இல்லை. வன்னியிலோ இரவுப் பனியில் நனைந்து, மத்தியான வெயிலில் கை வைக்க முடியாமல் கொதித்து, பின்னேரம் உப்புக்காற்றில் மறுபடி ஈரமாகும். அந்த நனைதலும் காய்தலும்தான் பெயின்ற்றை உடைக்கிறது. பின்னாளில் வாகனக் கம்பனிகளும் இராணுவமும் நனைத்துக் காயவிடுகிற சுழற்சி முறைகளுக்குப் போனதற்கு இதுதான் காரணம். எங்களிடம் பெட்டியே இல்லை. வெளியெல்லாம் பெட்டி. ஒரு தொகுதி கராச் கூரையில், ஒன்று ஆனையிறவுப் பக்கம் கடலேரி ஓரத்தில் தெரிந்தவர் வளவில், ஒன்று முல்லைத்தீவுக் கரையில் மீன்வாடி ஒன்றின் பின்பக்கம்.

ஆனையிறவுக்குப் போகும்போதெல்லாம் வீதியோரத்தில் நினைவுச் சின்னமாக வைத்திருக்கும் புல்டோசரைக் கடந்துதான் போவேன். 1991 சண்டையில் கவசம் பூட்டி வந்தது. அதைப் பார்க்கிறவர்களுக்கு ஆளுக்கொரு நினைவு வரும். எனக்கு, மன்னிக்க வேண்டும், அந்த உப்புக்காற்றில் அதன் இரும்பு எப்படி இருக்கும் என்ற யோசனைதான் வரும். தொழில் மனிதனை இப்படித்தான் ஆக்குகிறது.

முதல் தொகுதி குழம்பிப்போனது. ஒரே பூச்சு, ஒரே தயார், பக்கத்துப் பக்கத்துத் தகடுகள். ஒன்று நல்லது, ஒன்று முழுக்கக் கொப்பளம். பழைய சிவப்பு ஒக்சைட்டிலும் கொப்பளம் வந்திருந்தது. பெயின்ற்றில் பிழை என்ற பாஸின் வாதம் அன்றைக்கே விழுந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் தண்ணீர்ப் பெயின்ற் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணி

விடை வந்தது பழைய தொகுதியைக் கழற்றிக்கொண்டு வந்த அன்று. அடுப்படியில் கேத்தில் வற்றிப்போய்விட்டது. புதிதாக வந்த பெடியன் கிணற்றில் அள்ளி வைத்துவிட்டான். தேத்தண்ணி வந்தது. பாஸ் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

"இந்தத் தண்ணியில ஆரடா தேத்தண்ணி போட்டது? உப்புக் கரிக்குது!"

கராச்சில் குடிக்கிற தண்ணீர் பவுசரில்தான் வரும். கிணறு கை கழுவவும் வாகனம் கழுவவும். எல்லாருக்கும் தெரிந்த விடயம். தெரிந்ததாலேயே எவரும் யோசிக்கவில்லை. நாக்கு ஏற்காத தண்ணீரால் இரும்பைக் கழுவினோம். போதாததற்கு அதையே பிறைமருக்குள்ளும் ஊற்றினோம்.

உப்புச்சாடி மாரிகாலத்தில் தானாகக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். பெயின்ற்றுக்கு அடியிலும் அதேதான். எந்தப் பெயின்ற்றும் தண்ணீருக்கு முழு அடைப்பு அல்ல, மெல்லிய தோல் மாதிரி. அடியில் உப்பு அகப்பட்டிருந்தால் அது வெளியிலிருந்து ஈரத்தைத் தோலினூடாக இழுக்கும். இழுத்த ஈரம் போக வழியில்லாமல் தோலைத் தூக்கும். அதுதான் தண்ணீர் நிறைந்த கொப்பளம். இடுப்புக்குக் கீழே மட்டும் வந்ததற்கும் விடை கிடைத்தது. கழுவிய தண்ணீர் வழிந்து கீழே நின்று அங்கேதான் காய்ந்தது. உப்பை அங்கேதான் விட்டுப் போனது.

சந்தேகம் தீர, பள்ளிக்கூட இரசாயன ஆசிரியர் ஒருவரிடம் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். உப்பிருந்தால் அது வெள்ளையாகத் திரையும், ஏஎல் படித்த எவருக்கும் நினைவிருக்கும். மழைத் தண்ணீரில் ஒரு துளி விட்டோம், ஒன்றும் இல்லை. கிணற்றுத் தண்ணீரில் விட்டோம், பால் திரைந்தது மாதிரி வெள்ளையாக விழுந்தது. பாஸ் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார். பிறகு பழைய இரும்புத் தகடு ஒன்றை மணல் அடித்து, மழைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைப் பார்த்தோம். அதிலும் வெள்ளை. மணல் அடித்து மினுங்கினாலும் கறல் தின்ற குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருந்தது. முதல் தொகுதி குழம்பியது அதனால்தான்: கடற்கரையில் கிடந்த இரும்பும் கரையிலிருந்து தள்ளி உள்ளே கிடந்த இரும்பும் ஒரே குவியலில் இருந்து வந்திருந்தன. பிழை என்னுடையது. சிக்கனம் பிடித்து வாங்கியது நான்தான்.

முறையாகச் செய்கிறவர்கள் தகட்டில் ஒரு ஒட்டுப் பையை ஒட்டி, அதற்குள் சுத்தமான தண்ணீரை ஊசியால் செலுத்தி எடுத்து, அதன் மின்கடத்துதிறனை அளந்து உப்பைக் கணிப்பார்கள். பிறெஸ்ல் முறை என்று பெயர். கப்பல் பூசுகிற இடங்களில் அது அன்றாட வேலை. லோடர் பூசுகிற இடத்தில் எங்களுக்கு அது தோன்றவில்லை, ஏனென்றால் நாங்கள் தரையில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனையிறவில் உப்பு விளைகிற நிலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

இரண்டாம் தொகுதி

இந்த முறை கடையில் புதுத் தகடு. மூன்று பூச்சும் மறுபடி. தண்ணீர் வகைப் பிறைமர் மட்டும் மூன்று விதமாக: கிணற்றுத் தண்ணீரால் கழுவிக் கலந்தது, மழைத் தண்ணீரால் கழுவிக் கலந்தது, பற்றரித் தண்ணீரால் கழுவிக் கலந்தது. பற்றரிக்கு ஊற்றப் போத்தலில் விற்கிற, கரைந்த உப்புகளை நீக்கிய தண்ணீர்தான் அது. 53030 போன்ற பிறைமர்களை ஐதாக்க அப்படிப்பட்ட தண்ணீரைத்தான் பாவிக்கச் சொல்லியிருக்கிறது. அந்த வரியை நான் முதலிலேயே வாசித்திருந்தேன். ஆய்வுகூடக்காரரின் நுணுக்கம் என்று தாண்டிப் போயிருந்தேன்.

ஒரு மாரியும் ஒரு சோளகமும் தாண்டிக் கழற்றினோம். கிணற்றுத் தண்ணீர்த் தகடுகள் மூன்று இடத்திலும் கொப்பளித்திருந்தன, கூரையில் காய்ந்துகொண்டிருந்ததுகூட. மழைத் தண்ணீரும் பற்றரித் தண்ணீரும் கூரையிலும் ஆனையிறவிலும் சுத்தம். முல்லைத்தீவில் கீறலிலிருந்து கறல் நகத்தின் அரைவாசி அகலம் ஊர்ந்திருந்தது. பக்கத்தில் தொங்கிய கரைப்பான் எபொக்சியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிவப்பு ஒக்சைட்டில் ஒரு விரல் அகலத்துக்குப் பெயின்ற் தோலாக உரிந்து வந்தது. பிளேட்டால் ஆறுக்கு ஆறு கோடு கீறிச் செலோ ரேப் ஒட்டி இழுக்கிற ஒட்டுப் பரீட்சையிலும் அதே வரிசை.

ஒரு தகடு மட்டும் கணக்குக்குள் வரவில்லை. பற்றரித் தண்ணீர்த் தகடு, மணல் அடித்தது, ஆனாலும் ரேப்போடு சதுரம் சதுரமாகக் கழன்று வந்தது. கொப்பியைப் புரட்டியபோது அன்றைய குறிப்பில் "சாப்பாட்டுக்குப் பிறகு" என்று இருந்தது. காலையில் கலந்த மிச்சத்தைப் பெடியன் பின்னேரம் பூசியிருக்கிறான். கரைப்பான் எபொக்சி நேரம் கடந்தால் ஜெலி மாதிரி இறுகி "என்னைத் தொடாதே" என்று சொல்லிவிடும். தண்ணீர் வகைகளில் பல அப்படிச் சொல்வதில்லை. பாவிக்கிற நேரம் முடிந்த பிறகும் பால் மாதிரி ஓடும், அழகாகப் பூசுப்படும், ஒட்டாது. எங்கள் வெக்கையில் அந்த நேரம் ரின்னில் போட்டிருப்பதைவிடவும் குறுகும். இப்போது கலந்த வாளியின் மூடியில் நேரத்தைச் சோக்கால் எழுதி வைக்கிறோம்.

மணல் அடித்த தகடுகள் சிலவற்றில் ஊசி முனை மாதிரிக் கறல் புள்ளிகளும் இருந்தன. அது அரிக்காத கரட்டு மணலால் வந்தது. இராணுவ விதியில் இந்த எபொக்சிப் பிறைமர்களின் தடிப்பு 25 முதல் 38 மைக்குரோன் வரைதான். கரட்டு மணல் உருக்கில் எழுப்புகிற முகடுகள் அதைவிட உயரமாகிவிட்டால் அவை பிறைமருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். சல்லடை மாற்றியதோடு அது தீர்ந்தது.

மணல் என்றதும் ஒரு விடயம். எங்கள் மேல்பூச்சை வெள்ளையாக்குவது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அதன் மூலப்பொருளான இல்மனைற்று முல்லைத்தீவு எல்லையைத் தாண்டினால் வரும் புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது. அங்கிருந்து கப்பலேறி, எங்கேயோ வெளுத்து, ரின்னில் அடைபட்டு, பல மடங்கு விலையில் ஏ9 வழியாகத் திரும்பி வருகிறது. பாஸிடம் சொன்னேன். "எங்கட சனமும் அப்பிடித்தானே தம்பி போய் வருது" என்றார்.

உமிழ்வு உண்மையில் குறைந்ததா?

இதுதான் படிவத்துக்கு வேண்டிய கேள்வி. கொப்பளக் கதைக்குள் நான் மறந்தே போயிருந்தேன்.

நான்கு லீற்றர் ரின் ஒன்று, மேலே சொன்ன கணக்குப்படி லீற்றருக்கு உண்மையில் 100 கிராம் என்றால், 400 கிராம் காற்றுக்குப் போகும். நல்லது. ஆனால் பெடியன் ஸ்பிறே கன்னைக் கழுவியது எதனால்? பழக்க தோசத்தில் தின்னரால். காலையும் பின்னேரமும் அரை அரை லீற்றர். தின்னரின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவு, லீற்றருக்கு 870 கிராம் அளவில். கழுவிய தின்னரை எங்கே ஊற்றினாய் என்று கேட்டேன். வேலியோர மண்ணைக் காட்டினான். அங்கே புல்லும் இல்லை. பெயின்ற்றிலிருந்து 400 கிராம், கழுவியதிலிருந்து 870 கிராம். படிவத்தில் நாங்கள் முதலாவதை மட்டும்தான் எழுதி, குறைந்த உமிழ்வு என்று கையெழுத்தும் போட்டிருந்தோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. கொப்பளித்த முதல் பூச்சை உரித்து மறுபடி பூசினோம். பூசிய இரண்டு தடவையும் சேர்த்தால், உரித்த தூசையும் சேர்த்தால், அந்த வருடம் பழைய சிவப்பு ஒக்சைட்டை ஒரே தடவை பூசியிருந்தால் போயிருக்கக்கூடியதை விட நாங்கள் அதிகம் மிச்சம் பிடித்தோம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். லீற்றருக்கு எத்தனை கிராம் என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. சதுர மீற்றருக்கு, நிலைத்து நிற்கிற ஒவ்வொரு வருடத்துக்கும் எத்தனை கிராம் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் ஒரு வாளி மழைத் தண்ணீரும் உமிழ்வைக் குறைக்கிற சாதனம்தான்.

கன்னை இப்போது முதலில் தண்ணீரால் கழுவுகிறோம், காய்ந்து ஒட்டியதற்கு மட்டும் கொஞ்சத் தின்னர். கழுவியதை மூடிய பரலில் விட்டு, அடைய வைத்து, மேலே தெளிந்ததை அடுத்த கழுவலுக்கு எடுக்கிறோம். அடியில் நிற்கிற மண்டியை என்ன செய்வது என்பதற்கு எனக்கு இன்னும் நல்ல வழி இல்லை. பரல் நிறைந்துகொண்டு வருகிறது.

பாஸ் இருமுவது குறைந்திருக்கிறது என்று அவரின் மனைவி சொல்கிறார். பீடியையும் விட்டவரென்றபடியால் அதைப் பெயின்ற்றின் கணக்கில் நான் எழுதவில்லை.

இப்போதைய நிலை

பூச்சு பத்து மணிக்கு முன்னர் தொடங்குவதில்லை. கராச் கூரைப் பீலிக்குக் கீழே மூன்று நீலப் பரல்கள் வைத்திருக்கிறோம். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு இரண்டாம் மழையிலிருந்து பிடிப்போம். கழுவுவதற்கு அது. கலப்பதற்குப் பற்றரித் தண்ணீர். ஆவணி புரட்டாதியில் பரல் வற்றிவிடும், அப்போது கழுவவும் பற்றரித் தண்ணீர்தான்.

போன மாதம் கணக்குப் பகுதியிலிருந்து ஒரு பிள்ளை எடுத்துக் கேட்டா, ஒரு லோடருக்கு ஒரு வருடத்தில் இவ்வளவு பற்றரித் தண்ணீர் எப்படி முடியும், பற்றரி பழுதென்றால் மாற்றச் சொல்லலாமே என்று. விளங்கப்படுத்தத் தொடங்கினேன். பாஸ் பக்கத்தில் நின்று கேத்திலைக் காட்டினார்.

"பிள்ளையை ஒருக்கா இங்க வந்து தேத்தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ."